தானாக மடியும் தகடுகள்

சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுகளில் குருத்தோலை வெட்டி இறக்கும்போது, விரிப்பதற்கு முன் அதை ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். வெளிர்மஞ்சள் நிறத்தில் நேரான ஒரு தண்டாகத்தான் தெரியும். ஓரத்தை நகத்தால் நெம்பினால் ஒரு மடிப்பு விலகும். அதற்குள் இன்னொன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. இதழுக்கு இதழ் மேலும் கீழுமாக மடிந்து, இடையில் காற்றுப் புகவும் இடமில்லாமல் அடுக்கியிருக்கும். விரிந்தால் ஆள் நின்று மழைக்கு ஒதுங்கலாம் என்கிற அளவுக்கு அகலம் வரும் ஓலை, விரியாத நிலையில் இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிறது.

மரத்துக்குள் அதை மடித்து வைத்தவர் யாருமில்லை. இலை முளைவிடும் பருவத்தில் அந்த இளந்திசு மிக நெருக்கமான இடத்துக்குள் அடைபட்டபடியே வளர்கிறது. பரவ வழியில்லாத தகடு நெளிகிறது; நெளிவு மடிப்பாக நிலைக்கிறது. வெளியே வந்த பிறகு மடிப்புக் கோடுகளை ஒட்டிய செல்கள் நீரேறிப் பருக்கின்றன, ஓலை விரிகிறது. விரிந்த பின்னும் மடிப்பு முழுவதும் மறைவதில்லை, அதில்தான் மரத்துக்கு லாபம். ஒரு தகடு வளையாமல் நிற்கும் உறுதி அதன் தடிமனை மூன்று முறை பெருக்கிய அளவில் உயரும்: தடிமன் இரண்டு மடங்கானால் உறுதி எட்டு மடங்கு. மேலும் கீழுமாக மடிந்த தகடு கூடுதல் சதை எதுவும் போடாமலே அந்தத் தடிமனைப் பெற்றுவிடுகிறது. ஆடி மாதக் கடற்காற்றில் பனை ஓலை படபடத்தாலும் மடங்கித் தொங்கிப் போகாததற்கு இதுதான் காரணம்.

பொறியாளர்கள் இப்போது செய்ய முயல்வதும் ஏறக்குறைய இதையே. தட்டையான ஒரு தகடு. எந்தக் கோட்டில், எந்தப் பக்கம், எவ்வளவு கோணம் மடிய வேண்டும் என்பது அந்தப் பொருளிலேயே முன்கூட்டி வைக்கப்பட்டிருக்கும். சூடோ, ஈரமோ, வெளிச்சமோ பட்டவுடன் தகடு தானாக மடிந்து பெட்டியாகவோ, குழாயாகவோ, கால் முளைத்த சிறு எந்திரமாகவோ எழும். மோட்டார் வேண்டாம், பல்சக்கரம் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். காகித மடிப்புக் கலையான ஓரிகாமியிலிருந்து வடிவக் கணக்கும், சூழலுக்கேற்ப உருமாறும் பொருள்களிலிருந்து உந்து விசையும் வருகின்றன.

வடிவக் கணக்கில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கோர்யோ மியூரா. ஜப்பானிய விண்வெளிப் பொறியாளரான அவர் 1970ல் ஒரு மடிப்பை முன்வைத்தார். தாளை நேர்க்கோடுகளால் நீளவாக்கில் பிரித்து, குறுக்குக் கோடுகளைச் சற்றே சாய்த்துக் கோணல்மாணலாக இட்டால், தாள் முழுக்க இணைகரக் கட்டங்கள் உண்டாகும். அப்படி மடித்த தாளின் எதிரெதிர் மூலைகள் இரண்டைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே நேரத்தில், இரண்டு திசையிலும் விரியும். உள்ளே தள்ளினால் அதே வழியில் சுருங்கும். நூறு மடிப்பு இருந்தாலும் அசைவு ஒன்றுதான். தினசரித் தாளில் ஒருமுறை செய்து பாருங்கள்; மூலையை இழுக்கும்போது நடுக்கட்டங்கள் தாமாக எழுந்து வருவதைக் கை உணரும். 1995ல் ஜப்பான் ஏவிய விண்கலம் ஒன்றில் சூரியத் தகடுகளை இந்த மடிப்பில் வைத்து விண்ணில் விரித்துப் பார்த்தார்கள்.

இந்த மடிப்பை மனிதன் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று காட்டியவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, இன்று ஹார்வர்டில் பணியாற்றும் எல். மகாதேவன். 2005ல் அவரும் செர்ஜியோ ரிக்காவும் எழுதிய சிறிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, மென்மையான அடித்தளத்தில் ஒட்டிய மெல்லிய படலத்தை எல்லாத் திசையிலும் நெருக்கினால் மியூராவின் கோணல்மாணல் கோடுகள் அதில் தாமாகவே தோன்றும் என்று விளக்கியது. சில மரங்களின் இளம் இலைகள் மொட்டுக்குள் அப்படித்தான் மடிந்திருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் இதைவிட முக்கியமான முடிவு குறைவு. மடிப்பு என்பது வெளியிலிருந்து ஒருவர் போடும் வேலை என்ற எண்ணத்தை அது மாற்றியது. நெருக்கடியையும் பொருளின் தன்மையையும் சரியாக அமைத்தால் வடிவம் பின்னால் வந்துவிடும்.

அடுத்தது உந்து விசை. வேலியோரம், பாழ்மனை, பள்ளிக்கூட மைதானம் என்று எங்கும் ஊதாப்பூ பூக்கும் ஒரு சிறு செடி உண்டு. அதன் காய்ந்த காயைப் பிள்ளைகள் எச்சில் தொட்டோ தண்ணீரில் போட்டோ வெடிக்க விடுவார்கள். வெடிக்காய் என்றும் பட்டாசுக் காய் என்றும் பெயர். கவனிக்க வேண்டியது, அந்தக் காய் உயிரற்றது. செல்கள் எப்போதோ செத்து உலர்ந்துவிட்டன. தொட்டாற்சிணுங்கி சுருங்குவதற்கு உயிருள்ள செல்கள் நீரை வெளியே தள்ள வேண்டும். வெடிக்காய்க்கு அது தேவையில்லை. உலரும்போது அதன் இரு பாதிகளும் வெளிப்பக்கம் வளையத் துடிக்கின்றன, ஆனால் நடுவிலுள்ள ஒட்டு விடுவதில்லை. நுனியில் ஈரம் பட்டு ஒட்டு இளகியதும், தேங்கியிருந்த இழுவிசை முழுக்க ஒரு நொடிக்குள் வெளியேறி விதைகளைச் சிதறடிக்கிறது.

உலர்ந்த தாவரப் பொருள் ஈரத்தில் அசைவதற்கு அதன் நார்கள் காரணம். மரம் ஈரத்தை உறிஞ்சினால் நார் ஓடும் திசையில் அநேகமாக நீள்வதே இல்லை. குறுக்கே மட்டும் நூற்றுக்கு ஐந்து, எட்டு என்ற அளவில் பருக்கும். கரையில் நாள்கணக்கில் காய்ந்து கிடந்த பலகை வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினால் முதலில் மூட்டுகளில் நீர் கசிந்து, பலகை ஊற ஊறக் கசிவு அடங்குவது இதனால்தான். இப்போது இரண்டு மெல்லிய அடுக்குகளை எடுத்து, ஒன்றின் நார் மற்றதுக்குக் குறுக்கே ஓடும்படி ஒட்டுவோம். ஈரம் பட்டால் ஒரு அடுக்கு நீளப் பார்க்கும், மற்றது மறுக்கும். இரண்டும் ஒட்டியிருப்பதால் ஒரே வழி வளைவதுதான். தானாக மடியும் தகடுகள் பெரும்பாலானவற்றின் அடிப்படை இந்த இழுபறியே. மகாதேவனும் ஜெனிஃபர் லூயிஸும் 2016ல் மரநார் இழைகள் கலந்த நீர்க்கூழை அச்சிட்டு, தண்ணீரில் போட்டதும் ஆர்க்கிட் மலராகச் சுருளும் வடிவங்களைச் செய்தார்கள். அச்சிடும் முனை எந்தத் திசையில் ஓடியதோ அந்தத் திசையில் நார் படிந்தது. நார்த் திசையே வளைவைத் தீர்மானித்தது.

சூட்டில் மடியும் வகைக்கு உலோகம்தான் முன்னோடி. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்ற உலோகவியலாளர் 1959 வாக்கில் நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறையச் சம அளவு அணுக்களாகக் கலந்த ஓர் உலோகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். முறியாமல் எத்தனை முறை வளையும் என்று காட்டுவதற்காக அதன் கீற்று ஒன்றை மேலும் கீழுமாக மடித்து ஒரு கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த ஒருவர் தன் புகைக்குழாய்ப் பற்றவைப்பானை அதன் கீழே பிடித்தார். மடிப்பெல்லாம் விரிந்து கீற்று நேரானது. நிட்டினால் என்று பெயர் பெற்ற அந்த உலோகம் குளிர்ந்த நிலையில் எளிதாக வளைவதற்குக் காரணம், அதன் அணு அடுக்குகள் சீட்டுக்கட்டைச் சாய்த்தது போலச் சரிந்துகொடுப்பதுதான். அடுத்தடுத்த அணுக்களின் உறவு அறுவதில்லை. குறிப்பிட்ட வெப்பம் வந்ததும் அடுக்குகள் நிமிர்கின்றன, பழைய வடிவம் திரும்புகிறது. எந்த வடிவத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதைச் சுமார் 500 டிகிரி செல்சியஸில் அச்சுக்குள் இறுக்கிப் பதப்படுத்தி நிலைநிறுத்துகிறார்கள். நிக்கலின் பங்கு நூற்றில் ஒன்றின் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் திரும்பும் வெப்பநிலை பத்து டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அவ்வளவு நுணுக்கமாகக் கலப்பதால்தான் உடல் வெப்பத்தில் விழிக்கும் உலோகம் கிடைத்தது.

இதயத் தமனிக்குள் வைக்கும் ஸ்டென்டைப் பற்றிப் பேசும்போது ராமேஸ்வரத்தில் பிறந்தவரை நினைக்காமல் இருக்க முடியாது. அப்துல் கலாமும் ஹைதராபாத் இதயநோய் மருத்துவர் சோம ராஜுவும் சேர்ந்து 1990களில் ஏழைகளுக்கும் எட்டும் விலையில் ஒரு ஸ்டென்டை உருவாக்கினார்கள். இதயத் தமனி ஸ்டென்டுகளைப் பொதுவாகப் பலூனை ஊதித்தான் விரிப்பார்கள். பலூனே இல்லாமல் விரிய முடியுமா என்ற கேள்விக்கு ஆக்ஸ்ஃபோர்டில் கவோரி குரிபயாஷியும் ஜோங் யூவும் 2006ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விடை உண்டு. நிட்டினால் தகட்டில், ஜப்பானியப் பிள்ளைகள் காகிதத்தில் மடித்து ஊதும் நீர்க்குண்டின் மடிப்புக் கோடுகளை வரிசையாகப் பொறித்து, குழாயாகச் சுற்றிச் சுருக்கினார்கள். உடல் வெப்பத்துக்கு வந்ததும் குழாய் தானே அகலும். ராக்கெட் ஆய்வுக்கூடத்தில் கற்ற உலோக அறிவை நோயாளியின் உடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது கலாம் விடாமல் வலியுறுத்திய ஒன்று. இந்த ஆய்வும் அந்தத் திசையில்தான் செல்கிறது.

உலோகம் விலை கூடியது. ஆய்வுக்கூடத்து மாணவர்கள் கைவைக்கக்கூடிய வழி ஒன்றை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டிக்கியின் குழு காட்டியது. பிள்ளைகள் படம் வரைந்து அடுப்பில் சுருக்கி விளையாடும் பாலிஸ்டைரீன் தகடுதான் பொருள். தயாரிக்கும்போதே இழுத்து நீட்டி, இழுத்த நிலையிலேயே குளிரவைத்திருப்பார்கள். நூறு டிகிரியைத் தாண்டினால் அது பழைய அளவுக்குச் சுருங்கும். முழுத் தகடும் சூடானால் வெறும் சுருக்கம்தான். டிக்கி குழுவினர் அதைச் சாதாரண அச்சுப்பொறியில் செருகிக் கறுப்புக் கோடுகளை அச்சிட்டு, அகச்சிவப்பு விளக்கின் கீழே வைத்தார்கள். கறுப்பு மை வெப்பத்தை விழுங்கியது. கோட்டின் அடியில் மட்டும் மேற்பரப்பு முதலில் சுருங்க, தகடு மை பூசிய பக்கமாக மடிந்தது. கோடு அகலமானால் கோணம் கூடும். பின்பக்கம் அச்சிட்டால் மறுபக்கம் மடியும். ஒரு பெட்டிக்கான வரைபடத்தைக் கறுப்புக் கோடாக அச்சிட்டால் சில நொடிகளில் பெட்டி.

2014ல் ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் ராபர்ட் வுட், டானியேலா ரஸ் குழுவினர் இதே பாலிஸ்டைரீனையும் காகிதத்தையும் செப்புச் சுற்றுப் படலத்தையும் அடுக்கி, மடிப்புகளை மின்சாரத்தால் ஒவ்வொன்றாகச் சூடேற்றினார்கள். மேசையில் தட்டையாகக் கிடந்த தாள் சுமார் நான்கு நிமிடத்தில் நான்கு காலில் எழுந்து, யாரும் தொடாமல் நடந்து போனது. நடப்பதற்கு மோட்டார் உண்டு. எழுந்து நிற்பதற்குத்தான் தேவைப்படவில்லை.

இதைக் கேட்டவுடன் மனம் பெரிதாகத் தாவும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நினைவில் வைத்திருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துக் கரை இது. லாரியில் தட்டையாக வந்து, இறக்கியதும் தானாக எழும் நிவாரணக் கூடாரம் வேண்டும் என்ற ஆசை இங்கே இயல்பானது. ஆனால் கணக்கு இடிக்கிறது. ஒரு சாண் மாதிரியில் அழகாக எழும் தகட்டை எல்லாத் திசையிலும் பத்து மடங்கு பெரிதாக்குவோம். எடை ஆயிரம் மடங்காகும். அந்த எடை, மடியும் கோடாகிய கீலிலிருந்து பத்து மடங்கு தள்ளிப் போவதால், தூக்குவதற்கு வேண்டிய திருப்புவிசை பத்தாயிரம் மடங்கு. கீலில் உள்ள பொருளோ அகலத்துக்கும், தடிமனின் வர்க்கத்துக்கும் ஏற்பத்தான் விசை தரும்: பத்து, நூறு, மொத்தம் ஆயிரம் மடங்கு. பத்தில் ஒன்பது பங்கு பற்றாக்குறை. அதோடு தடித்த பொருள் சூடேறவும் ஈரம் ஊறவும் மணிக்கணக்கில் ஆகும்.

பாம்பனில் இந்த உண்மையைக் கண்ணால் பார்க்கலாம். 1914ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலே மடியும் அமைப்புடையதாக இருந்தது. எதிர்எடையின் துணையோடு தொழிலாளர்கள் கையால் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள். உப்புக் காற்றில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6ல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியை மின்மோட்டார்கள் செங்குத்தாக 17 மீட்டர் உயர்த்துகின்றன. அந்த அளவில் பல்சக்கரமும் எதிர்எடையும் கம்பிவடமும்தான் வழி. பொருளே மடியட்டும் என்று விட முடியாது.

அப்படியானால் தானாக மடிவது எங்கே வெல்லும்? எடை தொல்லை தராத இடங்களில். நோயாளியின் தமனிக்குள், விண்வெளியில், தண்ணீருக்கடியில்.

விண்வெளிக்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. 2025 ஜூலை 30ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் செயற்கைக்கோளின் ஆன்டெனா 12 மீட்டர் விட்டம், எடை சுமார் 64 கிலோ. 123 கலப்புநார்த் தண்டுகளும் தங்கம் பூசிய கம்பிவலையும் சுருங்கி அடங்கிய நிலையில் மேலே போனது. ஆகஸ்ட் 15ல் பிணைப்புகளைச் சிறு வெடிப்பால் அறுத்ததும், மடித்தபோது சட்டகத்தில் தேங்கிய இழுவிசையே அதை விரியவைத்தது. வெடிக்காயில் நடப்பதும் அதுதான். ஆனால் கடைசிக் கட்டத்தை மோட்டாரும் கம்பிவடமும்தான் இழுத்துப் பூட்டின. பல்லாயிரம் கோடி ரூபாய் முதலீட்டுக்குப் பொருளின் நினைவாற்றலை மட்டும் நம்ப அதன் பொறியாளர்கள் தயாராக இல்லை. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. மடிப்புக்கு மடிப்பு அரை டிகிரி பிசகினால் இருபதாவது மடிப்பில் பத்து டிகிரி தப்பும். தானாக மடியும் தகடுகளின் பெரிய பலவீனம் இன்றும் இதுவே.

கடலுக்கடியில் மிதப்பு விசை எடையைத் தாங்கிக்கொள்ளும். 2018ல் ஹார்வர்டில் வுட்டின் குழுவினர், ஐந்து கைகள் மடிந்து பன்னிரண்டு முகக் கூண்டாக மூடிக்கொள்ளும் ஒரு கருவியைக் காட்டினார்கள். கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் 700 மீட்டர் ஆழம் வரை இறக்கிச் சோதித்தார்கள். நம் மீனவர்கள் சொறி என்று சொல்லும் இழுதுமீனை வலையால் பிடித்தால் கிழிந்துவிடும். இந்தக் கூண்டு அதைத் தொடாமல் சூழ்ந்துகொள்கிறது. அதிலும் ஒரு மோட்டார் உண்டு, ஒன்றே ஒன்று; ஐந்து கைகளையும் சேர்த்து மடிப்பது ஓரிகாமிக் கணக்கு. 21 தீவுகளும் பவளத்திட்டுகளும் கொண்ட மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தின் ஆய்வாளர்கள் கையில் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு உதவும்! பவளத்தைச் சுரண்டாமல், உயிரைக் காயப்படுத்தாமல் அளந்துவிட்டுத் திரும்ப விடலாம்.

ஆனால் வெளிநாட்டு வடிவத்தை அப்படியே வாங்கி இங்கே இறக்கினால் போதாது. ஆய்வுக்கூடத்துச் சுத்த நீரில் பலமடங்கு பருக்கும் நீர்க்கூழ்களில் பல, கடல்நீரில் அதில் சிறு பங்குகூடப் பருக்காது. உப்பின் அயனிகள் நீரை உள்ளே இழுக்கும் விசையைத் தணித்துவிடும். சுத்த நீரில் தொண்ணூறு டிகிரி மடிந்த கீல் பாக் நீரிணையில் இருபதோடு நின்றுவிடலாம். ஈரக்காற்றில் அசையும் தகடும் கரையோரத்தில் எப்போதும் பாதி ஊறியே இருக்கும். நிட்டினாலுக்கு மட்டும் இந்தத் தொல்லை குறைவு. அதன் மேல் படியும் டைட்டானியம் ஆக்சைடு உப்பைத் தாங்கும். ஆனால் விலை?

மாவட்டத்தின் உட்பகுதிக்குப் பொருத்தமான ஒரு முயற்சி 2023ல் வெளியானது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லைனிங் யாவோவின் குழு, ஓக் மரத்தின் மெல்லிய சீவலைச் சுருட்டி மூன்று வால்கள் கொண்ட விதைதாங்கி செய்தது. மழை பட்டால் சுருள் அவிழ்கிறது, வால்கள் தரையில் ஊன்றிக்கொள்கின்றன, விதை மண்ணுக்குள் துளைத்து இறங்குகிறது. சமதரையில் இரண்டு முறை நனைந்து உலர்ந்ததில் நூற்றுக்கு எண்பது தாங்கிகள் மண்ணைத் துளைத்தன. நம் மேய்ச்சல் நிலத்தில் ஆட்டின் மயிரிலும் ஆளின் வேட்டியிலும் குத்தி ஏறும் ஊசிப்புல்லின் முறுக்கிய வாலும் ஈரத்தில் இதே வேலையைத்தான் செய்கிறது. புழுதியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும் ராமநாதபுரத்து மானாவாரி விவசாயிக்கு, மழை வரும் நாளில் தானே மண்ணுக்குள் இறங்கும் விதை என்பது நேரடிப் பயனுள்ள பொருள். மணல்மேடுகளைப் பிடித்துவைக்கும் அடம்பு, ராவணன் மீசை போன்ற கரைச் செடிகளை ஆள் இறங்க முடியாத தீவுகளில் விதைக்கவும் இது ஏற்றது.

ஓக் சீவல் இங்கே கிடைக்காது. பனை ஓலை கிடைக்கும். அதன் நார் நீளவாக்கில் நேராக ஓடுகிறது. அது ஈரத்துக்கு அசையும் என்பதை, அவித்து, உலர்த்தி, பலகைகளுக்கு நடுவே இறுக்கிச் சுவடி கட்டியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அசையாமல் வைக்கத்தான் அவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள். நமக்கு இப்போது வேண்டியது அந்த அசைவின் அளவு. மாவட்டத்தின் எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் இதைத் தொடங்கலாம்: விரலகல ஓலைக் கீற்றுகள் இரண்டை நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும்படி ஒட்ட வேண்டும், ஒரு முனையைப் பிடிப்பானில் மாட்டி, பின்னால் கோணமானி வைக்க வேண்டும், விடியற்காலை ஈரக்காற்றிலும் உச்சி வெயிலிலும் கோணத்தைக் குறித்துவர வேண்டும். குருத்தோலை, முற்றிய ஓலை, அவித்தது, அவிக்காதது என்று தனித்தனியாக. நூறு முறை நனைத்து உலர்த்திய பிறகும் அதே கோணம் வருகிறதா என்பது முதல் கேள்வி. கடல்நீரில் நனைத்தால் எவ்வளவு குறைகிறது என்பது அடுத்தது.